மூன்றா, எட்டா? – ஒரு 'பீப்' ஒலியின் சரித்திரம்

மலர்க் குழுவில் இருந்து போன் வந்தபோது, "நினைவலைகள் வேண்டாம் சார், ஏற்கெனவே பதினேழு கட்டுரை வந்துடுச்சு. எல்லாவற்றிலும் கேண்டீன் போண்டாதான். இப்போ படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு சரித்திரக் கட்டுரை கொடுங்க" என்று கேட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். சோழர் சரித்திரம் எழுதத் தமிழ்த்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அதன் வயிற்றுக்குள் இருந்து வரும் 'பீப்' ஒலியின் சரித்திரம். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் நம் இயற்பியல் துறை லேபில் இருந்துதான் தொடங்க வேண்டும். மலர்க் குழுவினர் மன்னிப்பார்களாக. போண்டா வராது என்று உறுதி கூறுகிறேன்.

1996-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். நான் இறுதியாண்டு மாணவன். எங்கள் லேபில் நான்கு கம்ப்யூட்டர்கள். மூன்று, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் காட்டும் பழைய எக்ஸ்.டி. இயந்திரங்கள். நான்காவதுதான் மகாராணி. 486 டி.எக்ஸ்.2, கலர் மானிட்டர், 8 எம்.பி. ரேம். அவள் இருந்த அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி படாமல் இருக்கத் துணி உறை போட்டிருக்கும். ஸ்டெபிலைசரின் முள் 220-ஐத் தொட்ட பிறகுதான் சுவிட்சைப் போடலாம். இந்தச் சம்பிரதாயங்களுக்கெல்லாம் அதிகாரி எங்கள் லேப் அசிஸ்டென்ட். நாங்கள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம்.

என் ப்ராஜெக்ட், இரண்டு புள்ளிகளில் இருந்து கிளம்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதை வண்ணத்தில் வரைந்து காட்டும் புரோகிராம். 1024-க்கு 768 புள்ளிகளில், 256 வண்ணங்களில் வரைய ஆசை. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 7,86,432 பைட் வேண்டும். இருந்த டிஸ்ப்ளே கார்டில் 512 கே.பி.தான். கெஞ்சிக் கூத்தாடியதில், துறையில் இருந்து சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி 1 எம்.பி. மெமரியுடன் ஒரு புதுக் கார்டு வாங்கினார்கள். அதுவும் 'வெசா லோக்கல் பஸ்' கார்டு. ஒரு முழம் நீளம் இருக்கும். பொருத்தும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேபினட்டைத் திறந்தேன். பழைய கார்டை எடுத்தேன். புதியதை வைத்து அழுத்தினேன். உட்காரவில்லை. எழுந்து நின்று முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். மதர்போர்டு பிரம்பு மாதிரி வளைந்து, 'டக்' என்று கார்டு உள்ளே போயிற்று. சுவிட்சைப் போட்டேன்.

திரை இருட்டு. பீப், பீப், பீப். அவ்வளவுதான்.

மறுபடி போட்டேன். மறுபடியும் பீப், பீப், பீப். ஐந்து நிமிடத்தில் துறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "புதுக் கார்டைப் புகைச்சிட்டான். காசைக் கட்டச் சொல்லுங்க, கட்டலேன்னா ஹால் டிக்கெட்டை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்தக் கார்டின் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். அன்று மாலை ஹாஸ்டலுக்கும் போகாமல், வீட்டுக்கும் போன் செய்யாமல், லேப் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என்னை அப்படியே அங்கே உட்கார வைத்துவிட்டு, கொஞ்சம் சரித்திரத்துக்குப் போய் வருவோம்.

1981-ம் ஆண்டு ஆகஸ்ட் 12-ம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. 5150 என்பது அதன் மாடல் எண். இன்டெல் 8088 சிப், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். கூடவே சுமார் இரண்டேகால் அங்குலத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தது. பாட்டுக் கேட்பதற்காக வைத்ததல்ல. அதற்கு வேறு வேலை இருந்தது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் என்கிற நிரந்தரப் புரோகிராம் விழித்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாகச் சோதித்துப் பார்க்கும். பிராசஸர் சரியா, டைமர் சரியா, மெமரி சரியா, பிறகு டிஸ்ப்ளே கார்டு சரியா என்று ஒரு வரிசை. எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குட்டி பீப். அதாவது, "நான் சௌக்கியம்." சரியில்லை என்றால் திரையில் எழுதிக் காட்டலாம். ஆனால் கெட்டுப்போனது டிஸ்ப்ளே கார்டே என்றால்? டிஸ்ப்ளே கார்டு விழிப்பதற்கு முன்பே மெமரி காலை வாரிவிட்டால்? எழுதிக் காட்டச் சிலேட்டே இல்லாதவன் வாயால்தானே சொல்லியாக வேண்டும்! ஸ்பீக்கரை ஒலிக்க வைக்க ஒரு டைமர் சிப்பும், ஒரு போர்ட்டும், ஒரு டிரான்சிஸ்டர் சுற்றும் போதும். கம்ப்யூட்டரில் பாதி செத்துக் கிடந்தாலும் அது மட்டும் பேசும்.

இயற்பியல் துறை நண்பர்களுக்காக ஒரு விஷயம். அந்த 5150-ல் 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கலர் டி.வி.யின் வண்ண சிக்னலைப் போல் சரியாக நான்கு மடங்கு. அதை மூன்றால் வகுத்தால் பிராசஸரின் 4.77 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டால் வகுத்தால் டைமரின் 1.193 மெகாஹெர்ட்ஸ். அந்த டைமரை மறுபடி 1,331-ஆல் வகுத்து வந்ததுதான் பீப், சுமார் 896 ஹெர்ட்ஸ். திரையின் நிறமும் இயந்திரத்தின் குரலும் ஒரே கிரிஸ்டலில் பிறந்த அண்ணன் தம்பிகள்!

அந்த ஐ.பி.எம். இயந்திரத்துக்கு இரண்டு விதக் கார்டு கிடைத்தது. எழுத்து மட்டும் காட்டும் எம்.டி.ஏ., நான்கு வண்ணங்களில் 320-க்கு 200 புள்ளிகள் காட்டும் சி.ஜி.ஏ. எம்.டி.ஏ.வை எடுத்துவிட்டு சி.ஜி.ஏ. போட்டவர்கள், மதர்போர்டில் இருந்த குட்டி சுவிட்சுகளையும் மாற்றி வைக்க வேண்டும். மறந்தால், இல்லாத கார்டின் மெமரியை பயாஸ் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டி பீப் அடிக்கும். ஆக, 'கார்டு மாற்றினேன், பீப் அடிக்குது' என்ற புலம்பல் பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்தபோதே பிறந்துவிட்டது. அன்றும் பலருக்குக் கார்டு கெடவில்லை. சுவிட்ச்தான் மாறவில்லை. 1984-ல் இ.ஜி.ஏ. வந்தபோது அதற்குத் தனியாக ஒரு நீண்ட பீப், மூன்று குட்டி பீப் என்று வைத்தார்கள். 1987-ல் வி.ஜி.ஏ. வந்தது.

சரி, எல்லாக் கம்ப்யூட்டரும் ஏன் ஒரே மாதிரி பீப் அடிப்பதில்லை? இது எனக்குப் பல வருஷம் புரியாத புதிர். விடை சரித்திரத்தில்தான் இருக்கிறது. ஐ.பி.எம். தன் டெக்னிகல் ரெஃபரன்ஸ் புத்தகத்தில் பயாஸ் புரோகிராமை வரிக்கு வரி அச்சிட்டே கொடுத்துவிட்டது. படிக்கலாம், ஆனால் காப்பிரைட் இருப்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காம்பாக் நிறுவனம் 1982-ல் தன் முதல் கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் பயாஸ் வந்தது. இவர்கள் ஐ.பி.எம். புரோகிராமைப் பார்க்காத ஆட்களை வைத்து, அதே வேலையைச் செய்யும் வேறு புரோகிராமை எழுத வைத்தார்கள். 1983-ல் தொடங்கிய அவார்டு, 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகியவையும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள். பின்னதை நாங்கள் 'ஏ.எம்.ஐ.' என்போம். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் நம் நாட்டவரான சங்கர் என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை.

சாஃப்ட்வேர் ஓட வேண்டுமானால் பயாஸ் ஐ.பி.எம். மாதிரியே நடந்துகொள்ள வேண்டும். ஆனால் பீப் அடிப்பதை எந்த சாஃப்ட்வேரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அந்த இடத்தில் மட்டும் ஆளாளுக்கு ஒரு பாஷை. அவார்டில் ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் டிஸ்ப்ளே. ஃபீனிக்ஸில் ஒன்று – மூன்று – ஒன்று என்று இடைவெளி விட்டு, தந்தி ஆபீஸ் மாதிரி அடிக்கும். ஏ.எம்.ஐ.யில் பெரும்பாலும் நீளம், குட்டி என்ற பேதம் கிடையாது, எண்ணிக்கைதான். 1 என்றால் மெமரி ரிஃப்ரெஷ், 2 என்றால் பாரிட்டி, 3 என்றால் முதல் 64 கே.பி. மெமரி, 5 என்றால் பிராசஸர், 8 என்றால் டிஸ்ப்ளே மெமரி. வீட்டுக்கு வீடு வாசற்படி மாதிரி, பயாஸுக்கு பயாஸ் பீப்.

இப்போது லேப் வாசற்படிக்குத் திரும்புவோம்.

அண்ணன் ஏ.சி. அறையைப் பூட்ட வந்தவர், என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாப்பிடலையா?"

"கார்டு புகைஞ்சிடுச்சுண்ணே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"மிஷின் என்ன சொல்லுச்சு?"

எனக்குப் புரியவில்லை. "பீப் பீப்னு கத்துச்சு" என்றேன்.

"எத்தனை தடவை?"

நான் எண்ணியிருக்கவே இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். நிறைய அடித்தது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அறையைத் திறந்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, முள் ஏறும்வரை காத்திருந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்தார். ஏ.சி.யை அணைத்துவிட்டார், சத்தம் கேட்க வேண்டுமே. விரல் விட்டு எண்ணினார். மூன்று. மூன்று தடவை ஆன் செய்தார், மூன்று தடவையும் மூன்று. பிறகு மேஜை டிராயரில் இருந்து மதர்போர்டுடன் வந்த மெலிந்த கையேட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை. ஓரங்களில் தமிழில் பென்சில் குறிப்புகள். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிசம் படித்தவர் அவர். நாங்கள் யாரும் திறந்தே பார்க்காத பக்கம் அது.

"மூணுன்னா ரேமு. கார்டு கெட்டிருந்தா எட்டு அடிக்கணும். கார்டு மேல சந்தேகமா இருந்தா அதைக் கழட்டிட்டுக் கேப்போம்" என்றார். பவரை நிறுத்தி, அந்த முழ நீளக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தார். மூன்று. "பாத்தியா? கார்டே இல்ல, அதே மூணுதான். பழி அது மேல இல்ல."

டார்ச் அடித்துப் பார்த்தார். மெமரி ஸ்லாட்டில் முதல் சிம் ஒரு பக்கம் கிளிப் விலகி, ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. நான் எழுந்து நின்று அழுத்தியதில் போர்டு வளைந்தது அல்லவா, அப்போது நடந்த காரியம். சிம்மை எடுத்து, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, கிளிப் 'க்ளிக்' என்று சொல்லும்வரை பொருத்தினார். கார்டு இல்லாமலேயே ஆன் செய்தார்.

பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப். எட்டு.

அண்ணன் முகத்தில் சிரிப்பு. "இப்ப ரேமு சரியாயிடுச்சு. எங்கடா என் கார்டுன்னு கேக்குது."

அந்த எட்டு பீப்பைப் போல இனிமையான சங்கீதத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. போர்டுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி அழுத்தி அவர் கார்டைப் பொருத்தினார். திரையில் மெமரி எண்ணிக்கை ஓடியது. இரவு மணி எட்டரை. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. அவர் டிபன் பாக்ஸில் இருந்த இரண்டு சப்பாத்தியில் ஒன்று எனக்கு.

சரித்திரத்தை முடித்துவிடுகிறேன். 1992-ல் வந்த அந்த வெசா பஸ், 486-ஓடு மறைந்துபோனது. அதே 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. நிலைத்தது. 1997-ல் டிஸ்ப்ளே கார்டுக்கென்றே ஏ.ஜி.பி. ஸ்லாட் கொண்ட போர்டுகள் வந்தன. 2004-ல் இருந்து பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். ஸ்லாட் மாற மாற, பீப்புக்கான காரணமும் மாறியது. ஏ.ஜி.பி. காலத்தில் 3.3 வோல்ட் கார்டா, 1.5 வோல்ட் கார்டா என்று பார்க்க வேண்டியிருந்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் பசிக்கும் கார்டுக்கு பவர் சப்ளையில் இருந்து தனி வயர் கொடுக்க வேண்டும். ஆறு பின் வயர் 75 வாட், எட்டு பின் வயர் 150 வாட். இந்த வயரைச் சொருக மறப்பதுதான் இந்தக் காலத்து 'கிளிப் விலகல்'. வயர் இல்லையென்றால் கார்டே வீல் என்று கத்தும்படி என்விடியாவின் சில பழைய கார்டுகளில் குட்டி பஸ்ஸர் வைத்திருந்தார்கள்.

பயாஸ் போய் யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. மிகப் பழைய கார்டைப் புது போர்டில் போட்டால், இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் திரை இருட்டாகவே இருக்கலாம். கார்டுக்குள் இருக்கும் புரோகிராமுக்குப் புது பாஷை தெரியாது என்பதே காரணம். ஸ்பீக்கரும் போய்விட்டது. பெரும்பாலான கேபினட்டுகளில் இப்போது அது வருவதில்லை. பல போர்டுகளில் அதற்கான நான்கு பின் மட்டும் அனாதையாக நிற்கும். ரிச்சி தெருவில் டீ செலவுக்குக் கிடைக்கும் ஒரு பஸ்ஸரைச் சொருகினால் இயந்திரம் மறுபடி பேசும். ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பல போர்டுகளில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. சி.பி.யு., டி.ரேம், வி.ஜி.ஏ., பூட். எது எரிந்தபடி நின்றுவிடுகிறதோ அங்கே கோளாறு. கவனித்துப் பாருங்கள், 1981-ல் இருந்த அதே வரிசை. காதுக்குச் சொன்னதைக் கண்ணுக்குச் சொல்கிறார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணனின் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டு மாற்றி பீப் அடித்தால் முதலில் எண்ணுங்கள், மூன்று தடவை எண்ணுங்கள். உங்கள் போர்டின் பயாஸ் யாருடையது என்று பார்த்து, கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வையுங்கள். கடைசியாகத் தொட்டதைக் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். பீப் மாறவில்லை என்றால் குற்றவாளி வேறு ஆள். மாறினால், அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

நான் எழுத வந்த விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர், "கார்டு மாத்தும்போது ஏதோ பிரச்சினையாமே, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். மூன்று, எட்டு, கார்டைக் கழற்றிய தர்க்கம் என்று எல்லாவற்றையும் நானே செய்த மாதிரி விளக்கினேன். "குட், வெரி குட்" என்று முதுகில் தட்டினார். ஹால் டிக்கெட்டை நிறுத்தச் சொன்ன ஆசிரியரும் தலையாட்டினார். ஸ்டெபிலைசர் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என் ப்ராஜெக்ட் ரிக்கார்டின் நன்றியுரையில் முதல்வர், துறைத் தலைவர், கைடு, பெற்றோர், டைப் அடித்துக் கொடுத்தவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அவர் இல்லை.

இந்தக் கட்டுரைக்காக அவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ரிடையர் ஆகி ஊரில் இருக்கிறார். அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லி, மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். இந்த மலரிலாவது உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன்.

"பேரெல்லாம் எதுக்குத் தம்பி, வேணாம். அன்னிக்கு நீ சரியாச் சொல்றியான்னுதான் நான் கேட்டுட்டு நின்னேன். மூணும் சரியாச் சொன்ன, எட்டும் சரியாச் சொன்ன. மனசுக்கு நிறைவா இருந்துச்சு" என்றார்.

அவர் சொல்படி இங்கே பெயர் போடவில்லை. நம் பேட்ச் நண்பர்களுக்கு யாரென்று தெரியும். கூடுகை அன்று அவரைக் காரில் அழைத்து வரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் ஏறச் சொன்னால் மாட்டார். லேபில்தான் இருப்பார். பார்ப்பவர்கள் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.